பன்னிரண்டு என்று எழுதிய ஒன்பது பேர்

அத்தியாயம் 17

வியாழக்கிழமை மதியம் மோகனா அதே பிழையை ஒன்பதாவது தடவையாகப் பார்த்தாள்.

இங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும்; அதற்கு முந்திய நாள். ஆசிரியர் அறையில் ஒவ்வொருவராகக் கார் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ஐந்தாம் படிவ மாணவர்களின் அரசுத் தேர்வுக்கு முந்திய டிரையல் தேர்வின் இயற்பியல் மதிப்பெண்கள் ஞாயிற்றுக்கிழமை காலைக்குள் கணினியில் ஏறியாக வேண்டும். முப்பத்திரண்டு தாள்கள். கழுத்தில் தொடங்கித் தோள்வரை இறங்கும் அந்தப் பழைய வலி இன்று காலையிலேயே வந்துவிட்டிருந்தது.

கேள்வி ஒன்றும் கஷ்டமானதல்ல. பதினைந்து சென்டிமீட்டர் குவியத் தூரம் உள்ள ஒரு குவிவு லென்ஸ். அதிலிருந்து இருபது சென்டிமீட்டரில் ஒரு மெழுகுவர்த்தி. பிம்பம் எங்கே விழும்? கணக்குப் போட்டால் அறுபது வரும்.

தப்புப் போடுகிற பிள்ளைகள் ஆளுக்கொரு விதமாகத்தான் போடுவார்கள். ஒருவன் கழிக்க வேண்டிய இடத்தில் கூட்டுவான். ஒருத்தி கடைசியில் தலைகீழாக்க மறந்துவிடுவாள். இருபத்தெட்டு வருடங்களாகத் தாள் திருத்தும் மோகனாவுக்கு அதெல்லாம் பழக்கம்.

ஆனால் இந்த ஒன்பது பேரும் கேள்வித்தாளில் பதினைந்து என்று அச்சாகியிருக்க, பன்னிரண்டு என்று எழுதியிருந்தார்கள். பன்னிரண்டை வைத்துக்கொண்டு ஒரு படிகூடப் பிசகாமல் கணக்கை நடத்தி, முப்பது என்று முடித்து, அடியில் இரண்டு கோடும் போட்டிருந்தார்கள்.

அந்தப் பன்னிரண்டு எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியும். வீட்டு லேப்டாப்பில் அவள் முதலில் தயாரித்த தாளில் பன்னிரண்டுதான் இருந்தது. மறுநாள் பள்ளிக்கு வந்த பிறகுதான், போன வருடமும் அதே எண் கொடுத்தது நினைவுக்கு வந்து, பள்ளிக் கணினியில் பதினைந்து என்று மாற்றினாள். விடைக்குறிப்பையும் இங்கேயே மாற்றினாள். பன்னிரண்டு உள்ள பிரதி வீட்டைத் தாண்டி எங்கும் போகவில்லை.

போகவில்லை என்றுதான் இதுவரை நினைத்திருந்தாள்.

ஒன்பது பெயர்களையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதினாள். ஒன்பதும் தமிழ்ப் பெயர்கள். எழுதி முடித்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சிறிது நேரம் கண்களைப் பொத்திக்கொண்டாள். ஒன்பது பேரும் எந்தத் தியூஷனுக்குப் போகிறார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும்.

அவளுடைய தங்கை கலைமகள் நடத்துகிற தியூஷன்.

மெர்கோங்கில் கணவன் புவனேஸ்வரனை விட்டுவிட்டு, ஒரு பெட்டியும் வீங்கிய கன்னமுமாகக் கலைமகள் கோலா கெத்திலுக்கு வந்து ஏழு மாதமாகிறது. மோகனா வீட்டு மாடியறையில்தான் இருக்கிறாள். பழைய வங்கி வேலை திரும்பக் கிடைக்கவில்லை. மே மாதம் ஒரு கைப்பேசிக் கடைக்கு மேலே அறை எடுத்து, பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். இரண்டு வாரமாக அந்த முகத்தில் ஒரு தெளிவு. போன ஞாயிற்றுக்கிழமை பெரிய இறாலாக வாங்கி வந்து சம்பல் வைத்து, மோகனாவின் தட்டில் அவளே அள்ளி அள்ளிப் போட்டாள். எதற்கென்று அன்று மோகனா கேட்கவில்லை. சாப்பிட்டுவிட்டு, தாள் திருத்த உட்கார்ந்துவிட்டாள்.

ஒன்பது பேரில் கவிநிஷா என்ற பெண் வலைப்பந்துப் பயிற்சிக்காகப் பள்ளியிலேயே இருந்தாள். மோகனா ஆள் அனுப்பி அவளை ஆய்வுக்கூடத்துக்கு வரச் சொன்னாள்.

வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றாள் கவிநிஷா. மேசையில் ஒரு பேட்டரியும் இரண்டு சின்ன பல்புகளும் இருந்தன. மோகனா இரண்டையும் பக்க இணைப்பில் மாட்டியிருந்தாள். இரண்டும் ஒரே அளவாக எரிந்தன.

"கவி, இதுல ஒரு பல்பைக் கழட்டுனா மத்தது என்ன ஆகும்?"

"டீச்சர்?"

"சும்மா சொல்லு. மார்க் இல்ல."

"அணைஞ்சிரும்." ஆசிரியையின் முகத்தைப் பார்த்தாள். "இல்ல டீச்சர், இன்னும் பளிச்சுனு எரியும். கரண்டெல்லாம் அதுக்கே போயிரும் இல்ல."

"தாள்ல என்ன எழுதியிருக்க?"

கவிநிஷா கண்களை மேலே உருட்டி, ஒரே மூச்சில் ஒப்பித்தாள். பல்பின் இரு முனைகளுக்கும் இடையே உள்ள மின்னழுத்த வேறுபாடு மாறாததால் அதன் பிரகாசமும் மாறாது. மோகனாவின் விடைக்குறிப்பில் இருந்த வாக்கியம். ஒரு சொல் கூடவில்லை, குறையவில்லை.

மோகனா ஒரு பல்பைக் கழற்றினாள். மற்றது முன்பு எரிந்தபடியே எரிந்தது.

"அலாமா," என்றாள் கவிநிஷா மெதுவாக. "நெசமாவே மாறல."

அந்தப் பெண்ணின் முகத்தில் இருந்தது பொய்யில்லாத வியப்பு. எண்பத்து நான்கு மதிப்பெண் வாங்கிய பெண்.

"லென்ஸ் கணக்குல பன்னிரண்டு எங்கேர்ந்து வந்துச்சும்மா?"

"கலை டீச்சர் ஒரு மோடல் பேப்பர் கொடுத்தாங்க. பதிலோட. அப்படியே மனப்பாடம் பண்ணுங்க, வந்தாலும் வரும்னு சொன்னாங்க. டிரையல்ல அதே வந்தப்ப எங்களுக்கே பயமாயிருச்சு. நான் கேள்வியைச் சரியாகூடப் படிக்கல டீச்சர். மறந்துருமோன்னு வேகமா எழுதிட்டேன்." அழ ஆரம்பித்தாள். "எங்களைப் போலீஸ்ல சொல்வீங்களா?"

"இல்லம்மா. போய் முகம் கழுவிக்கோ."

அவள் போன பிறகும் பல்பு எரிந்துகொண்டிருந்தது. மோகனா பேட்டரியைக் கழற்றி எல்லாவற்றையும் பெட்டியில் போட்டாள்.

லோஷினியின் நினைவு வந்தது. தோட்டத்து லைன் வீட்டிலிருந்து பஸ்ஸில் வருகிற பெண். தியூஷன் எதற்கும் போகாதவள். லென்ஸுக்கு அறுபது என்று எழுதியிருந்தாள். கடலலை ஏன் முனையில் பலமாக மோதுகிறது, குடாவுக்குள் ஏன் சாதுவாகிவிடுகிறது என்ற கேள்விக்கு, ஆழம் குறையும்போது அலையின் வேகம் குறைவதை அம்புக்குறி போட்டு, அடித்து, திரும்ப வரைந்து, எப்படியோ சரியான இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தாள். எழுபத்தொன்று. வகுப்பில் பத்தாவது இடம். மேற்படிப்பு உதவிச்சம்பளத்துக்கு முதல்வர் அனுப்பப்போகிற பட்டியலில் எட்டுப் பெயர்கள்தான்.

மூன்றரை மணிக்கு மோகனா கைப்பேசிக் கடையின் பக்கவாட்டுப் படிகளில் ஏறினாள். மூட்டு வலித்தது. நடுவில் ஒரு படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டாள்.

மேலே கலைமகள் புதிய பிளாஸ்டிக் நாற்காலிகளை உறை பிரித்து வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"வாக்கா! நீயா? இப்பதான் இங்க வர வழி தெரிஞ்சுதா?" என்று சிரித்தாள். "பாரேன், டிரையல் முடிஞ்ச இந்த ஒரு வாரத்துல பன்னெண்டு பேர் புதுசா சேர்ந்திருக்காங்க. நாக்காலி பத்தல. உக்காரு, ஒனக்குத்தான் முதல் நாக்காலி."

மோகனா உட்காரவில்லை. "கலை, நீ பிள்ளைங்களுக்குக் கொடுத்த மோடல் பேப்பர் உனக்கு எப்படிக் கிடைச்சுது?"

கலைமகள் சட்டென்று கதவைச் சாத்தினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். ஆனால் முகத்தில் சிரிப்பு போகவில்லை.

"மெதுவா பேசுக்கா. கீழ ஆள் இருக்கு. நீயா இந்தப் பேச்சை எடுக்க மாட்டேன்னு மாமா சொன்னாரு. அதான் நானும் இத்தனை நாள் வாயத் தொறக்கல."

"மாமா என்ன சொன்னாரு?" கலைமகளுக்கு மாமா என்றால் மோகனாவின் கணவர் முகுந்தன்.

"கையில கொடுக்கிறப்பவே சொல்லிட்டாரு லா. 'மோகனாதான் கொடுக்கச் சொன்னா. ஆனா அவகிட்ட இதப் பத்தி ஒரு வார்த்தை பேசிடாத, அவளுக்குச் சங்கடமா இருக்கும்'னு."

மோகனா அந்தப் புது நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அக்காவின் முகத்தைக் கலைமகள் கவனிக்கவில்லை. அவள் இரண்டு வாரமாகச் சொல்ல நினைத்ததைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு நான் எவ்ளோ அழுதேன் தெரியுமாக்கா? சின்ன வயசுலேர்ந்தே நீ அப்படித்தான். ஆசையா ஒரு வார்த்தை பேச மாட்ட. அப்பா தவறினப்பகூட அடுத்து என்ன வேலைன்னு பாத்துக்கிட்டிருந்த. இந்த வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து, நான் உனக்குப் பாரமோ, பாரமோன்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன். அந்தத் தாளைப் பாத்தப்பதான், அக்கா எனக்காக இவ்ளோ பெரிய காரியம் செய்யத் துணிஞ்சுட்டாளேன்னு…"

"நான் கொடுக்கச் சொல்லல, கலை."



"என்ன?"

"எனக்கு ஒண்ணுமே தெரியாது. இன்னிக்கு மத்தியானம்தான் தெரியும்."

கலைமகளின் கையில் நாற்காலி உறை இருந்தது. அதை மடித்தாள். இன்னொரு முறை மடித்தாள். சிரிப்பு எப்போது போனதென்று தெரியவில்லை. ஏழு மாதத்துக்கு முன் பெட்டியோடு வாசலில் நின்றபோது இருந்த முகம் திரும்பி வந்திருந்தது.

"அப்ப மாமா பொய் சொன்னாரா?"

"ஆமா."

"அது டிரையல் பேப்பர்னு எனக்கும் தெரியும்," என்றாள் கலைமகள். "தெரியாதுன்னு சொல்ல மாட்டேன். நீயே அனுப்பியிருக்கேன்னா தப்பா இருக்காதுன்னு மனச ஏமாத்திக்கிட்டேன்."

"அந்தப் பதிலெல்லாம் உனக்குப் புரிஞ்சுதா?"

"எனக்கு எங்கக்கா புரியும்? நான் பேங்க் கவுண்டர்ல உக்காந்தவ. கணக்கு மட்டும்தான் சொல்லிக்கொடுக்கலாம்னு நெனச்சேன். பிஸிக்ஸும் இருந்தாத்தான் அனுப்புவோம்னு பெத்தவங்க சொன்னாங்க. சரின்னுட்டேன். புத்தகத்தைத் தொறந்தா ஒண்ணும் ஏறல. சுசா லா, ரொம்ப கஷ்டம்."

"என்கிட்ட கேட்டிருக்கலாமில்ல?"

கலைமகள் அக்காவை நேராகப் பார்த்தாள்.

"கேட்டேன். மூணு தடவை கேட்டேன். மூணு தடவையும் 'தலை வலிக்குது, அப்புறம் பாப்போம்'னு சொன்ன."

மோகனாவுக்கு நினைவு இருந்தது. முதல் தடவை சமையலறையில், கையில் கரண்டியோடு. மற்ற இரண்டும் எப்போது என்று தெரியவில்லை. ஆனால் கேட்டிருப்பாள். தானும் அப்படித்தான் சொல்லியிருப்பாள்.

வீடு இருக்கும் தாமான் குடியிருப்புக்குள் கார் நுழையும்போது மழை பிடித்துக்கொண்டது. வீட்டில் முகுந்தன் கொடியிலிருந்து எடுத்த துணிகளைச் சோபாவில் குவித்து மடித்துக்கொண்டிருந்தார். எஸ்டேட் அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்தவர். இருதயத்தில் ஸ்டெண்ட் வைத்த பிறகு முன்கூட்டியே ஓய்வு எடுத்துக்கொண்டு, வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். மோகனாவுக்குத் திரையைப் பார்த்தால் கண் எரியும் என்பதால், அவள் எதைத் தயாரித்தாலும் அச்செடுத்துக் கொடுப்பவரும் அவர்தான்.

மோகனா பையைக் கீழே வைத்தாள். "கலைக்கு என் தாளைக் கொடுத்தீங்களா?"

அவள் பள்ளிக்கு உடுத்தும் பாஜு கூரோங் சட்டையின் கைகளை அவர் உள்ளே மடித்து, அடுக்கின் மேல் வைத்தார்.

"தெரிஞ்சிருச்சா," என்றார்.

மறுப்பார், குரலை உயர்த்துவார் என்று வழியெல்லாம் தயாராகி வந்திருந்தாள். அவர் எதுவும் செய்யாதது அவளை இன்னும் களைக்க வைத்தது.

"ஏன் செஞ்சீங்க?"

"அன்னிக்கு அவ பெட்டி கட்டிட்டா மோகனா. புவனேஸ்வரன் ஃபோன் போட்டுக் கூப்பிட்டிருக்கான். ஒன்பது பிள்ளைங்கள வெச்சு வாடகைகூடக் கட்ட முடியல, எத்தனை நாள் அக்கா வீட்டுல கெடக்கிறது, திரும்பிப் போறேன்னு நின்னா. அவன் அடிச்ச அடியை நீயும்தானே பாத்த? நான் உன்னை எழுப்பினேன். 'காலையில பேசிக்கலாம்'னு திரும்பிப் படுத்துட்ட. காலையில எழுந்து ஸ்கூலுக்குப் போயிட்ட." அவர் இன்னொரு துணியை எடுத்தார். மடிக்கவில்லை. "பிள்ளைங்க நல்ல மார்க் எடுத்தா தியூஷன் நிக்கும்னு தோணுச்சு. எனக்கு வேற என்ன செய்யத் தெரியும்? இன்னொரு கோப்பி அடிச்சுக் கொடுத்தேன்."

"என் பேரைச் சொல்லிக் கொடுத்தீங்களே."

"என் பேரைச் சொன்னா அவ வாங்கியிருக்க மாட்டா."

"மத்த இருபத்து மூணு பிள்ளைங்க?"

முகுந்தன் கையிலிருந்த துணியை மடித்து அடுக்கின் மேல் வைத்தார்.

மோகனா சாப்பாட்டு மேசையில் கைப்பேசியை வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லாமலும் இருக்கலாம். ஒன்பது தாளிலும் லென்ஸ் கணக்குக்கான மூன்று மதிப்பெண்ணைக் கழித்துவிட்டு மற்றதைக் கணினியில் ஏற்றினால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. கவிநிஷா வாய் திறக்க மாட்டாள். கலை வீட்டில் இருப்பாள். இன்னும் ஆறு வருடத்தில் ஓய்வூதியம். படுத்தால் இப்போதே தூங்கிவிடலாம்.

எண்பத்து நான்கு வாங்கிய பெண், பல்பின் வெளிச்சம் மாறவில்லையே என்று ஆச்சரியப்பட்டாள். அதை மோகனாவால் ஓரமாக ஒதுக்கி வைக்க முடியவில்லை.

முதல்வர் புவான் ரொஹாயா இரண்டாவது மணியிலேயே எடுத்தார். மோகனா மலாயில் பேசினாள். பள்ளியில் பேசுகிற அதே சமமான குரலில். இயற்பியல் இரண்டாம் தாள் முன்கூட்டியே வெளியே போயிருக்கிறது. ஒன்பது மாணவர்கள். மதிப்பெண்களை ஏற்ற வேண்டாம். பட்டியலை அனுப்ப வேண்டாம். முப்பத்திரண்டு பேருக்கும் புதிய தாள் வைக்க வேண்டும், அதை வேறு பள்ளி ஆசிரியர் யாராவது தயாரிக்கட்டும்.

"எங்கிருந்து போனது மோகனா?"

"என் வீட்டிலிருந்து."

"இது சின்ன விஷயமில்லை. உங்கள் மேல் விசாரணை வரும். யார் கொடுத்தது?"

இத்தனை வருடங்களில் இந்த வீட்டுக்காக எல்லா அலுவலகங்களிலும் பேசியவள் அவள்தான். வங்கியில், ஆஸ்பத்திரியில், மெர்கோங் போலீஸ் நிலையத்தில். இப்போது ஒரு சொல் வரவில்லை.

முகுந்தன் சோபாவிலிருந்து எழுந்து வந்து கையை நீட்டினார்.

"கொடு. நான் பேசுறேன்."

அவள் கொடுத்தாள்.

அவர் நின்றுகொண்டே பேசினார். நான் மோகனாவின் கணவன், அவளுக்குத் தெரியாமல் நான்தான் அச்செடுத்துக் கொடுத்தேன், எழுத்தில் வேண்டுமானாலும் தருகிறேன் என்றார். பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "பாய்க் புவான்," என்று நாலைந்து முறை மலாயில் சரி சொன்னார். கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார்.

"ஞாயித்துக்கிழமை எட்டு மணிக்கு ரெண்டு பேரையும் வரச் சொல்றாங்க. கலையைப் பத்திக் கேக்கல. நானும் சொல்லல."

"நீங்க சொல்ல வேணாம் மாமா."

கலைமகள் வாசலில் நின்றாள். மோட்டார் சைக்கிளில் மழையில் வந்திருக்கிறாள். முடியிலிருந்து சொட்டிய நீர் தரையில் தேங்கியிருந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று யாருக்கும் தெரியாது.

"பிள்ளைங்க எங்க படிச்சாங்கன்னு ஸ்கூல்ல ஒரு நிமிஷத்துல கண்டுபிடிச்சிருவாங்க," என்றாள். "அதுக்கு முன்னாடி பெத்தவங்களுக்கு நானே சொல்லணும்."

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறு கலை," என்றாள் மோகனா. "தியூஷன் போயிரும்."

"போகட்டும்க்கா. நாளைக்குக் காலைல அந்த ஒன்பது பேரும் வந்து உக்காருவாங்க. புதுசா பன்னெண்டு பேர் வேற. அவங்க முன்னாடி நின்னு நான் என்னத்தச் சொல்லிக்கொடுப்பேன்?"

ஈரக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, பெற்றோர் குழுவில் தட்டச்சு செய்ய ஆரம்பித்தாள். எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். அனுப்புவதற்கு முன் அக்காவிடம் காட்டினாள். நாலே வரி. நான் கொடுத்த தாள் உண்மையான டிரையல் தாள், அது எனக்குத் தெரியும், தவறு என்னுடையது, பிள்ளைகள் மறுபடி எழுத வேண்டியிருக்கும், நாளை நேரில் வாருங்கள். மோகனா ஓர் எழுத்துப்பிழையைத் திருத்திக் கொடுத்தாள்.

அனுப்பி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. குழுவில் யாரும் பதில் போடவில்லை. தனியாக ஒரு குரல் பதிவு வந்தது. கவிநிஷாவின் அப்பா காளிதாசன். பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவரும் அவர்தான். கலைமகள் அதை மேசையில் வைத்து ஒலிக்கவிட்டாள்.

"கலை டீச்சர், அந்த மெசேஜை ஒடனே டிலீட் பண்ணுங்க. அது டிரையல் பேப்பர்னு எங்க நாலஞ்சு பேருக்கு அன்னிக்கே தெரியும். நாங்க யாராச்சும் கேட்டோமா? பிள்ளைங்க பேரு பட்டியல்ல போகப்போற நேரம். நீங்க பேசாம இருந்தா நாங்களும் பேசாம இருப்போம். இல்லன்னா உங்கக்காதான் காசு வாங்கிக்கிட்டுப் பேப்பரை வித்தாங்கன்னு ஊரே பேசும். நான் சொல்லலேன்னா வேற யாராவது சொல்வாங்க. யோசிச்சுக்குங்க லா."

பதிவு முடிந்தது. முகுந்தன் மெல்ல நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். கலைமகளின் விரல் தன் செய்திக்கு மேலே போய் நின்றது.

மோகனா அந்தக் கையை விலக்கிவிட்டுக் கைப்பேசியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஒரு விரலால், மெதுவாக, பெற்றோர் குழுவிலேயே எழுதினாள்.

"நான் மோகனா டீச்சர். முதல்வரிடம் சொல்லியாகிவிட்டது. யாருக்கு என்ன சொல்ல வேண்டுமோ ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குப் பள்ளியில் என் முன்னால் சொல்லுங்கள்."

அனுப்பினாள்.

மழை விட்டிருந்தது. பக்கத்து வீட்டில் யாரோ கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டது. மூன்று பேரும் மேசையைச் சுற்றி நின்றார்கள்.

இந்த முறை மோகனாவின் கைப்பேசிதான் அடித்தது. திரையில் காளிதாசனின் பெயர்.

காலையிலிருந்து அவள் ஒரு வேளையும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. தோள் வலி முதுகுவரை இறங்கியிருந்தது. எங்காவது உட்கார வேண்டும் போலிருந்தது. உட்காராமலே எடுத்தாள்.

"சொல்லுங்க மிஸ்டர் காளிதாசன். கேக்குறேன்."